கேப் கோஸ்ட்டில் மலிவான அறை எடுத்துத் தங்குவது: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

முல்லைத்தீவுக் கரையோரத்தில் கருவாடு போடும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறவள் நான். கானாவில் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் பெண்களிடம் தொழில் பார்க்கப் போனபோது கேப் கோஸ்ட் பட்டினத்தில்தான் தங்கினேன். அடுத்ததாகப் போக இருக்கிற தங்கச்சிமார் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: இடம் எப்படிப் பிடிப்பது, தனியாக இருக்கப் பயமில்லையா, என்ன கொண்டுபோவது? எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் சொல்வது நட்சத்திர ஹோட்டலைப் பற்றி அல்ல. ஒரு கட்டில், ஒரு ஃபான், ஒரு வாளி, ஒரு திறப்பு, அவ்வளவுதான் உள்ள விருந்தினர் விடுதியைப் பற்றி.

அறை எடுக்கும் வேலை ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை இல்லாமல் கானாவுக்குள் போக முடியாது. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். திரும்பி வரும்போது நம்முடைய விமான நிலையத்திலும் அதைக் கேட்பார்கள், ஆகவே கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். அப்படியே மலேரியா தடுப்பு இயக்கத்திடம் போய், கானாவுக்குப் போகிறேன் என்று சொல்லித் தடுப்பு மாத்திரையும் வாங்குங்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். புறப்படுவதற்கு முன்பே தொடங்கவேண்டிய மருந்து அது. அங்கே போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

பயணப் பையில் ஆமைப்பூட்டு ஒன்று, டோர்ச் ஒன்று, ஊசியும் நூலும், சில றப்பர் பாண்ட், கொடி கட்ட நைலோன் கயிறு, ஒரு மெல்லிய படுக்கை விரிப்பு, ஒரு சாறமோ பழைய சட்டையோ. பிளக் மாற்றி வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். அங்கேயும் 230 வோல்ட்தான், நம்முடைய சதுர மூன்று முள் பிளக் பெரும்பாலான சுவர்களில் நேராகப் பொருந்தும். இலங்கை ரூபாயை அங்கே மாற்ற இடமில்லை. டொலர் கொண்டுபோவதென்றால் கிழியாத, மடியாத புது நோட்டாகக் கொண்டுபோய், தலைநகர் அக்ராவில் செடி என்னும் கானா நாட்டுக் காசாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் சுமார் 145 கிலோமீற்றர், மேற்கே கடலை ஒட்டிய பாதை. கனேஷி நிலையத்தில் ட்ரோட்ரோ என்னும் வான்கள் நிற்கும். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். மூன்று மணித்தியாலம் என்று சொல்வார்கள், அக்ராவின் நெரிசலில் அது நான்காகவும் ஆகும். கானாவிலும் பொழுது ஆறு மணியளவில்தான் படும். வெளிச்சத்தில் போய் இறங்கும்படி காலையிலேயே புறப்படுங்கள். இருட்டில் பையோடு நின்றால் முதலில் கிடைத்த அறையை எடுக்கத்தான் மனம் வரும்.

பட்டினம் சின்னது. கடலோரத்தில் கோட்டை, அதற்குப் பின்னால் மேடும் பள்ளமுமாகத் தெருக்கள், உள்ளே கொட்டக்குராபா சந்தை. சந்தைக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட தெருக்களில் தேடினால் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். இரவு முழுக்க ஆராதனை நடக்கும் தேவாலயங்கள் அங்கே நிறைய, ஒலிபெருக்கி விடியும்வரை ஓயாது. மதுக்கடையை ஒட்டிய விடுதியும் அப்படியே. சனிக்கிழமைகளில் மரணச் சடங்குகள் பெரிதாக நடக்கும், கறுப்பும் சிவப்பும் உடுத்து வெளியூர்ச் சனம் வந்து இறங்கும், அதனால் வெள்ளி இரவு இடம் கிடைப்பது கஷ்டம். செப்டெம்பர் முதல் சனிக்கிழமை அவர்களுடைய பெரிய திருவிழா, ஃபெட்டு அஃபாஹ்யே. அந்த வாரம் வாடகையும் ஏறும், அறையும் இருக்காது.

விடுதிக்குள் போனவுடன் விலை கேட்காதீர்கள். முதலில் வணக்கம் சொல்லுங்கள், குட் மோர்னிங் என்றாலே போதும், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே வணக்கம் சொல்லாமல் காரியத்தைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. வயதான பெண்ணை ஆன்டி என்று கூப்பிடலாம். காசு கொடுப்பதும் திறப்பு வாங்குவதும் வலக்கையால். இடக்கையை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். நமக்கு இதில் புதிதாகப் பழக எதுவுமில்லை, வீட்டில் படித்ததை மறக்காமல் இருந்தால் போதும். அப்புறம் ஃபான் அறையா, ஏசி அறையா என்று கேட்பார்கள். ஃபான் அறை மலிவு. குளியலறை உள்ளேயே இருக்கவேண்டுமென்றால் செல்ஃப் கன்டெய்ன்ட் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் விறாந்தையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும்.

அறையைப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம். பார்ப்பதென்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதல்ல. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இழுத்துப் பாருங்கள். ஒற்றை ஆணியில் ஆடும் தாழ்ப்பாள் என்றால் வேறு அறை கேளுங்கள். யன்னல்கள் பெரும்பாலும் சாய்த்து மூடும் கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு வெளியே நுளம்புக் கம்பிவலை. தகடுகள் முழுக்கச் சாய்ந்து மூடுகின்றனவா, கம்பிவலை மூலையில் பிய்ந்திருக்கிறதா? மெத்தையின் விரிப்பைத் தூக்கித் தையல் ஓரத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி. தலையணையை மணந்து பாருங்கள், ஈரநெடி வந்தால் உங்கள் விரிப்பை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம், அது பெரிய குறையல்ல. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் கூரையில் அல்லது முற்றத்தில் கறுப்புத் தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். குளியலறையில் நிரப்பி வைத்த பெரிய வாளியும் கோப்பையும் இருந்தால் நல்ல விடுதி. வாளித் தண்ணீரில் அளவாகக் குளித்து, மிச்சத்தில் உடுப்பு அலசுவது வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவேண்டிய விஷயமல்ல. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, யன்னல் இரண்டு பக்கமும் உள்ள அறையாகப் பாருங்கள்.

மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் நுளம்பு வலையில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு நுளம்பு என்றால் டெங்குதான். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் அந்தி பட்டதிலிருந்து விடியும்வரை கடிக்கும், நாம் அசந்து தூங்கும் நேரம் அதற்கு வேலை நேரம். கானாவில் கூடுதலாக வருவது பால்சிபாரம் என்னும் மலேரியா வகை, கவனிக்காவிட்டால் சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும். 1990களில் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே இருந்த காலத்தில், போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கிக் கிடந்தவர்களை எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இலங்கைக்குள் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்தது. வீடு வீடாக மருந்தடித்தவர்களும் போர்க்காலத்திலும் இரத்தம் எடுக்க அலைந்த சுகாதார ஊழியர்களும் வாங்கித்தந்த நிலை அது.

சரி, வலை. கட்டிலுக்கு மேலே முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். முடிச்சை அவிழ்த்து முழுக்க விரியுங்கள். நீங்கள் உள்ளே ஏறி இருந்துகொண்டு, டோர்ச்சை வெளியே கதிரையில் வலையைப் பார்த்து வையுங்கள், ஓட்டை இருந்தால் வெளிச்சம் சொல்லிவிடும். மெத்தைக்கும் கட்டிலுக்கும் இடையில் செருகிச் செருகி எடுப்பதால் கீழோரம்தான் முதலில் கிழியும். அதிலும் மனிதர் இறங்கி ஏறும் பக்கம். சின்ன ஓட்டையென்றால் அந்த இடத்தைப் பிடித்து முறுக்கி றப்பர் பாண்ட் போடுங்கள், நீளக் கிழிசலென்றால் ஊசிநூலால் ஓடித் தைத்துவிடுங்கள். உள்ளே நுளம்பு அடைபட்டிருக்கிறதா என்று நான்கு மூலையும் பார்த்துவிட்டு, நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகுங்கள். குடை மாதிரி ஒற்றைக் கொக்கியில் தொங்கும் வலை உடம்போடு ஒட்டும். முழங்கையோ முழங்காலோ வலையில் பட்டபடி கிடந்தால் வெளியே இருந்தே கடித்துவிடும். கொண்டுபோன கயிற்றால் நாலு மூலையையும் யன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் இழுத்துக் கட்டினால் உள்ளே இடம் கிடைக்கும். வலையே இல்லாத அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒரு இரவுக்கு மட்டும் முதலில் காசு கொடுங்கள், பிடித்தால் காலையில் நீட்டிக்கலாம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டைக் கவுண்டரில் விட்டுவிட்டுப் போகவேண்டாம், விபரம் எழுதிக்கொண்டதும் திருப்பி வாங்குங்கள்.

குடிக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அரை லீற்றர் பிளாஸ்டிக் பைகளில் பியூர் வோட்டர் என்று பெண்பிள்ளைகள் தலையில் சுமந்து விற்பார்கள், மூலையைக் கடித்துக் குடிப்பது. விடுதிக்கு மூட்டையாகவும் வாங்கி வைக்கலாம். பையில் தயாரிப்பாளர் பெயர் அச்சடித்திருப்பதாகப் பாருங்கள். சாப்பாட்டுக்குக் கவலைப்படவேண்டாம். காலையில் வாச்சே: சோறும் கௌபியும் சேர்ந்து அவிந்து செந்நிறமாக இருக்கும், இலையில் மடித்துத் தருவார்கள். கென்கே என்பது புளித்த சோளமாவை உருட்டி அவிப்பது. கேப் கோஸ்ட் பக்கத்து ஃபான்டே மக்கள் அதை வாழை இனத்து இலையில் சுற்றுவார்கள். பொரித்த மீனும், செத்தல் மிளகாயோடு உலர்ந்த மீனும் இறாலும் சேர்த்து எண்ணெயில் கறுக்க வதக்கிய ஷிட்டோவும் வைத்துக் கையால் சாப்பிட்டால், சம்பல் இல்லாத ஏக்கம் அடங்கிவிடும். சூடாக இறக்கும் கடையில், ஆள் நெருக்கமாக நிற்கும் நேரத்தில் சாப்பிடுங்கள். புது மீன் வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையை விட்டுவிடுங்கள், அன்று அந்தக் கரையில் கடலுக்குப் போகமாட்டார்கள்.

விடுதியிலிருந்து நடந்தே போகக்கூடிய கோட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1653இல் சுவீடன்காரர் தொடங்கி, பின்பு ஆங்கிலேயர் கைக்குப் போய், 1877இல் தலைநகரம் அக்ராவுக்கு மாறும்வரை ஆங்கிலேயரின் கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) அங்கிருந்துதான் ஆளப்பட்டது. பக்கத்தூர் எல்மினாவின் கோட்டை இன்னும் பழையது: 1482இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1637இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1872இல் ஆங்கிலேயருக்குப் போனது. மன்னார்க் கோட்டையும் இதே மூவரிடம் இதே வரிசையில் கைமாறியது. மன்னாரின் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்மினாவின் வெள்ளைச் சுவர் பழகிய சுவராகத் தெரியும். ஆனால் இந்தக் கோட்டைகளின் நிலவறைகளில் மனிதரை அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கேப் கோஸ்ட்டில் ஆண்களை அடைத்த அறைகளுக்கு மேலேயே தேவாலயம் இருந்தது. வழிகாட்டியோடு காலையில் போங்கள், நிலவறையில் நின்று சிரித்துப் படம் எடுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் முன்னோருக்காக மலர்வளையம் வைத்து அழுதுகொண்டு நிற்பார்கள். நினைவு நாளில் நாம் நிற்கும் விதம் நமக்குத் தெரியும், அப்படி நில்லுங்கள். அன்று பிற்பகலுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரம் கணக்கு: அங்கே நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பிந்தி. மாலை ஆறுக்கு அழைத்தால் அம்மா இரவு பதினொன்றரைக்கு எழும்பவேண்டும், மதியத்திலேயே பேசிவிடுங்கள்.

திரும்பி வந்தபிறகும் மாத்திரையைச் சொன்ன காலம்வரை போடுங்கள், ஊருக்கு வந்தாயிற்று என்று நிறுத்தவேண்டாம். ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், கானாவுக்குப் போய்வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் நீங்களாகவே சொல்லுங்கள். இளம் டொக்டர்மார் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை, டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்திவிடக்கூடும். மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் இங்கிருந்து போய்விடவில்லை. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற இந்திய வகை 2016இன் கடைசியில் மன்னாரில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடியது. இங்கே மலேரியா மறுபடி பரவ, ஒருவருடைய உடம்பில் வரும் கிருமி போதும். ஆகவே காய்ச்சல் இல்லாவிட்டாலும், வந்த கையோடு மாவட்ட மலேரியா அலுவலகத்துக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். விரல் நுனியில் ஒரு குத்துத்தான், காசும் கேட்கமாட்டார்கள்.