மே 22 பேப்பர் வீட்டில் இருக்கிறதா? இப்படி வையுங்கள்

சென்னை மிண்ட் தெருவில் முப்பது வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவன் நான். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்தார். மறுநாள் வந்த பேப்பரை எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் எத்தனையோ வீடுகளில் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். இன்றைக்கும் யாராவது அதைக் கொண்டுவந்து, "அண்ணே, பொடிப்பொடியா உதிருது, காப்பாத்த முடியுமா?" என்கிறார்கள். முடியும்.

முதலில், முன்பக்கத்தை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். தலைவர் படம் எங்கேயும் கிடைக்கும். அவரோடு செத்த போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், கவிதை வாசித்த சிறுமி, இவர்களைப் பற்றி உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்த நாலு வரி போனால் போனதுதான். அடுத்தடுத்த நாள் பேப்பரும் இருந்தால் சேர்த்து வையுங்கள்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கொடுத்த பேப்பரில், கிழிந்த இடத்தை நானே டேப் போட்டு ஒட்டினேன். பல வருஷம் கழித்துப் பிரித்தால் டேப் சருகாகக் கழன்று வந்தது. கோந்து பழுப்பாக உள்ளே இறங்கியிருந்தது. இறந்தவர்கள் பட்டியல் நடுவில் ஒரு பெயரையே படிக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. லேமினேஷனும் கூடாது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நீல உப்பைப் போட்ட பைண்டிங் பசையும் கூடாது. கிழிசலை அப்படியே விட்டு, அடியில் அமிலம் இல்லாத தாளை வைத்தால் போதும்.

பேப்பரை மடிக்காமல் விரித்து வையுங்கள், மடிப்பில்தான் முதலில் உடையும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராயபுரம் பக்கத்துக் கடல் காற்றுக்குத் துரு பிடித்துத் தாளை அரித்துவிடும். வெயில் படக்கூடாது. தரையில் வைக்கவே கூடாது, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நனைந்துவிட்டால் பக்கங்களைப் பிய்க்காமல், பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காது, நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம்.

பழைய போட்டோ நெகட்டிவ், கழுவாத பிலிம் ரோல் எதையும் குப்பையில் போடாதீர்கள். அன்று அங்கே இறந்த போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமராவில் ரோல் தப்பியது. அதிலிருந்த படங்கள்தான் புலனாய்வுக்குக் கொலையாளியைக் காட்டின.

பிளாஷ் போடாமல், நிழல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்து எழுத்து கலங்கிவிடும். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

அந்த ராத்திரியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேச்சையும் பதிவு செய்யுங்கள். சம்மதம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். குரல் தழுதழுத்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

உங்கள் பிரதியில் ஏதாவது பகுதி போயிருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பத்திரிகைகள் வந்து சேரும் தேசிய வைப்பு நூலகம் அது. கடைசியாக, உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்: இது யார் வீட்டுப் பேப்பர், யார் எடுத்து வைத்தது, எந்தத் தேதி. பேனா வேண்டாம், நனைந்தால் மை பரவும்.