பாலூட்டலும் அடுத்த கர்ப்பத்துக்கான இடைவெளியும்: கடைப்பிடிக்க வேண்டியவை

பாலூட்டும் தாய்க்குக் கரு தங்காது என்ற நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதை, 1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் மூன்று நிபந்தனைகளாக வரையறுத்தனர். பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ தாய்ப்பாலையே குடிக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. மூன்றும் ஒருசேரப் பொருந்தும் வரை கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒன்று தவறினாலும் இம்முறையை நம்பக் கூடாது.

குழந்தை காம்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையின் ஹைப்போதலாமஸை எட்டி, சினைமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்களின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. ஆகவே பாலின் அளவைவிட, எத்தனை முறை குழந்தை சப்புகிறது என்பதே இங்கு முக்கியம். கலகாரிப் பாலைவனத்தின் குங் இனத் தாய்மார் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பலமுறை சிறிது சிறிதாகப் பாலூட்டுவதையும், அவர்களது பிள்ளைகளுக்கிடையே ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்ததையும் மானிடவியலாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுத்துத் தொடங்குங்கள். சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதம் வரை கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழக் கூடாது. தாய் சற்றுத் தூங்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் இரவில் புட்டிப்பால் கொடுப்பது அன்பினால்தான் என்றாலும், இம்முறை பெரும்பாலும் அங்கேதான் பழுதாகிறது. வேலைக்குத் திரும்பும் தாய் பீய்ச்சி வைத்துச் செல்லும் பால் குழந்தைக்கு நல்லதே. ஆனால் குழந்தை நேரே சப்புவது தரும் அளவுக்கான கருத்தடைப் பாதுகாப்பைப் பீய்ச்சுவது தருவதில்லை. மகப்பேறு விடுப்புச் சட்டம் தரும் 26 வாரங்களில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதால், அப்படி எடுத்தவர்கள் ஆறு மாதம் முடியுமுன்பே வேலைக்குச் செல்ல நேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

முதல் எட்டு வாரத்துக்குள் காணும் உதிரப்போக்கு மாதவிலக்காகக் கொள்ளப்படுவதில்லை. அதன்பின் தொடர்ந்து இரண்டு நாள் உதிரம் பட்டால், அதை மாதவிலக்காகவே கொள்ளுங்கள். ஆறு மாதம் கடந்தபின் “இன்னும் தூரம் வரவில்லையே” என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. ஏனெனில் முதல் மாதவிலக்குக்கு முன்பே சினைமுட்டை வெளிப்பட்டு, விலக்கே வராமல் கரு தங்கிவிடக்கூடும்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாலூட்டல் காப்பது அதில் கால்பங்கே என்பதால், பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குச் செல்லும்போதே அடுத்த கருத்தடை முறையைச் செவிலியரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை, ஆணுறை ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை பாலூட்டும் தாய்க்கும் ஏற்றவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், பாலூட்டுபவர்கள் முதல் ஆறு மாதம் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.