கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள்

வண்டி சூடானதும் ரெண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறாது. இன்ஜின் மட்டும் கத்தும். ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்ததுமே, "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சு, வேற போட்டுடுங்க" என்றார். எதையும் கழற்றாமலே எப்படிச் சொல்கிறார் என்று உறுத்தியது.

வேறொருவரிடம் கொண்டுபோனேன். ஆயில் அளவு சரி, கருகிய வாடை இல்லை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் கழற்றினால், அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும். அது வழக்கமான தேய்மானம்தான். உலோகச் சில்லுகளோ கிளட்ச் தட்டிலிருந்து உரிந்த கருந்துகளோ கிடந்திருந்தால் பேச்சே வேறு: முழு ஓவர்ஹால், இல்லையென்றால் மாற்று கியர்பாக்ஸ். ஸ்கேனரில் பி0755 என்ற பழுதுக் குறியீடு வந்தது, அதாவது ஷிஃப்ட் சொலினாய்டு 'பி'யில் கோளாறு. கியர் மாறுவதற்கான ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு அது. ஆறியிருக்கும்போது அதன் மின்தடை சரியாக இருந்தது. சூடானதும் ஓப்பன் சர்க்யூட், அதாவது உள்ளே மின் இணைப்பு அறுந்துவிடுகிறது. வயரிங்கில் குறை இல்லை.

சொலினாய்டு, ஃபில்டர், தயாரிப்பாளர் சொல்லும் ரக ஆயில், அவ்வளவுதான் மாற்றினோம். ரிவர்ஸும் மற்ற கியர்களும் நழுவாமல் பிடித்ததால்தான் இந்தத் துணிச்சல். எல்லாமே நழுவியிருந்தால் முதல் மெக்கானிக் சொன்னதையே கேட்டிருப்பேன். அப்புறம் ஸ்கேனரில் அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்து, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினோம். மூன்றாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.