ப்ராஸ்டேட் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு: எப்போது, எப்படி?

ப்ராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பின் இறங்கிய பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவு) மீண்டும் 0.2 நானோகிராம்/மி.லி.யைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் உறுதியானால் கதிர்வீச்சு மருத்துவரைப் பாருங்கள். 0.5ஐத் தாண்டவிடாதீர்கள். ப்ராஸ்டேட் புற்றுச் செல்களைத் தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று பொருளல்ல. அதை நம்பித் தள்ளிப்போடுவதுதான் வழக்கமான தவறு. அதற்காக, பி.எஸ்.ஏ. ஏறாமலே எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுப்பதிலும் பெரிய ஆதாயமில்லை. இதைச் சோதித்த ‘ராடிகல்ஸ்’ என்ற மருத்துவ ஆய்வில் சிறுநீர்த் தொல்லைதான் கூடியது.

சிகிச்சை நாட்களில், கதிர்வீச்சுக்கு முன் தினமும் மலம் கழித்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, சொன்ன அளவு தண்ணீர் (பெரும்பாலும் 300–500 மி.லி.) குடித்து அரைமணிக்கு மேல் அடக்குங்கள். பை நிரம்பாவிட்டால் சிறுகுடல் கதிருக்குள் இறங்கும். மலக்குடலில் வாயு இருந்தால் கதிர் பட வேண்டிய இடம் நகரும். அப்படியானால் சிகிச்சை மேசையிலிருந்து இறக்கி, மறுபடி வரச் சொல்வார்கள்.

இடுப்புக்கு வெளியே பரவிய செல்களைக் கதிர் தொடாது. ஆகவே பி.எஸ்.ஏ. வேகமாக ஏறுபவர்கள், உடன் ஆறு மாத ஹார்மோன் சிகிச்சை (ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து) தேவையா என்று கேளுங்கள். இப்படிப் பரவிய செல்களுக்குத்தான் இன்னும் புதிய மருந்துகள் தேவை.