தொற்றுச் சோதனையில் எலி ரகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பழக்கடையில் "மாம்பழம் ஒரு கிலோ" என்று யாரும் கேட்பதில்லை. மல்கோவாவா, இமாம்பசந்தா, குண்டா என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அதே ஊரிலிருந்து பிராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களின் எலி ஆர்டரில் "சி3எச், ஆண், 12" என்று மட்டும் இருக்கிறது. சி3எச் என்பது ஆய்வக எலி ரகத்தின் பெயர்; அதிலும் உட்பிரிவுகள் உண்டு, அவற்றைச் சொல்வது பெயரின் கடைசி எழுத்து.

வால் எழுத்தை விடுவது

சி3எச்/ஹெச்இ-ஜே எலியின் டிஎல்ஆர்4 புரதத்தில் (எல்பிஎஸை உணரும் புரதம்) 712ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எல்பிஎஸ் நச்சைக் கொடுத்தாலும் அது அசையாது. காரணம் 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவால் தெரியவந்தது. ஹெச்இ-என் எலிக்கு அந்தக் குறை இல்லை. இரண்டும் ஒரே பழுப்பு. கூண்டில் பார்த்துப் பிரிக்க முடியாது.

பத்துத் தலைமுறை பின்கலப்பு போதும் என்ற நம்பிக்கை

பின்கலப்பு என்றால் மரபணு மாற்றிய எலியை வேண்டிய ரகத்தோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கலப்பது. அது மட்டும் போதாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. 1995இல் காஸ்பேஸ்-1 என்ற அழற்சிப் புரதத்தின் மரபணுவை நீக்கிய எலி வந்தது. எல்பிஎஸ் கொடுத்தும் அது சாகவில்லை. பெருமை காஸ்பேஸ்-1 பற்றாக்குறைக்குப் போனது. ஆனால் அந்த எலி '129' என்ற எலி ரகத்தின் ஸ்டெம் செல்லில் செய்தது. 129 ரகத்தில் காஸ்பேஸ்-11 மரபணுவே பழுது: டிஎன்ஏவில் 5 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. செல்லுக்குள் புகுந்த எல்பிஎஸை உணர்வது அந்தப் புரதம்தான். காஸ்பேஸ்-1 இல்லாமலே காஸ்பேஸ்-11ஐ மட்டும் திருப்பி வைத்ததும் எலிகள் இறந்தன. இது வெளியானது 2011இல். பதினாறு ஆண்டுகள்!

இரண்டு மரபணுக்களும் 9ஆம் குரோமோசோமில் ஒட்டியே கிடக்கின்றன. பத்துத் தலைமுறை கலந்தாலும் நீக்கிய மரபணுவைச் சுற்றி சராசரியாக 20 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தைச் சொல்லும் மரபியல் அளவு) பழைய ரகமே தங்கும். அதனால் எலியின் காதில் எடுத்த சிறு தோல்துண்டில் காஸ்பேஸ்-11 பகுதியை பிசிஆரில் பெருக்கி, அதை சீக்வென்சிங் பண்ணி எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அகரோஸ் ஜெல்லில் 5 எழுத்து வித்தியாசம் பட்டையாகப் பிரியாது. ஜெல் படத்தை நம்பி "சரி" போடாதீர்கள்.

சால்மோனெல்லா சோதனைக்கும் இதே வலைதான். பிளாக்-6 என்ற கறுப்பு எலி ரகத்தில், சால்மோனெல்லாவை எதிர்க்க உதவும் என்ராம்ப்1 மரபணு பழுது, 129இல் நல்லது. அது இருக்கும் 1ஆம் குரோமோசோமில் 129 துண்டு மிஞ்சினால் எலி பிழைக்கும். நீங்கள் நீக்கிய மரபணுவுக்கு அதில் பங்கே இருக்காது.

பிளாக்-6 'ஜே'யும் பிளாக்-6 'என்'னும்

இரண்டு உட்பிரிவுகளும் ஒன்றல்ல. கலக்காதீர்கள்.

ஒப்பீட்டு எலியை வெளியே வாங்குவது

வேண்டாம். அதே ஈற்றில் பிறந்த, மரபணு நீக்கப்படாத குட்டிதான் வேண்டும்.

ஆட்டோகிளேவை நம்புவது

121 டிகிரியில் பாக்டீரியா சாகும், எல்பிஎஸ் அழியாது. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர்சூட்டில் 30 நிமிடம் வையுங்கள்.