டியூன் செய்த டர்போ கார் இழுக்கவில்லையா? பழுதை எந்த வரிசையில் தேடுவது

டியூன் செய்த, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (இசியூ) மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய டர்போ காரில் பிக்கப் குறைந்துவிட்டால் பெரும்பாலோர் முதலில் டர்போவைச் சந்தேகிப்பார்கள், அடுத்து டியூன் எழுதியவரைச் சந்தேகிப்பார்கள். ஆனால் தேடிப் பார்க்கும்போது கையில் அகப்படுவது பெரும்பாலும் தளர்ந்த கிளாம்ப், கிழிந்த ரப்பர் ஹோஸ், இடைவெளி அகன்றுபோன ஸ்பார்க் ப்ளக் போன்ற சிறிய விஷயங்களாகவே இருக்கும். இவற்றை ஊகத்தால் பிடிக்க முயன்றால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணம் கரையுமே தவிர பழுது தீராது. ஸ்கேனரும் சில அடிப்படைக் கருவிகளும் மட்டுமே வைத்திருக்கும் புதியவர் ஒரு பெட்ரோல் டர்போ காரை எந்த வரிசையில் சோதிக்கலாம் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் படி: குறைந்தது இன்ஜினின் சக்திதானா?

இன்ஜின் முழு சக்தியைக் கொடுத்தும் அது சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். டியூன் செய்ததால் கூடிய முறுக்குவிசையைப் பழைய கிளட்ச் தாங்காமல் வழுக்குவது அடிக்கடி நடப்பதுதான். மேனுவல் கியர் வண்டியில் ஒரே கியரில் ஆர்பிஎம்மும் வேகமும் எப்போதும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்முக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால், 4000 ஆர்பிஎம்முக்கு 80 இருக்க வேண்டும். முள் 4000-ஐத் தாண்டியும் வேகம் 70-இலேயே தயங்கினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அதற்குமேல் இன்ஜினில் தேட வேண்டியதில்லை. சிறிது தூரம் ஓட்டிய பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பிழைக் குறியீடுகள்

ஸ்கேனரைச் செருகிக் குறியீடுகளைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் அழித்துவிட வேண்டாம். பி0299 என்றால் பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் காற்றழுத்தம்) போதவில்லை, பி0234 என்றால் பூஸ்ட் மிஞ்சிவிட்டது, பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங் (கலவை சரியாக எரியாமல் போவது), பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. டியூன் செய்த காரில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். டியூன் எழுதும்போது சில எச்சரிக்கைகளை அணைத்து வைக்கும் பழக்கம் உண்டு. ஆகவே குறியீடு எதுவும் இல்லை என்பதை வண்டி நலமாக இருப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாம் படி: ஓட்டத்தைப் பதிவு செய்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். முழு ஆக்சிலரேட்டரில் வண்டி என்ன செய்கிறது என்பதை எண்களாகப் பதிவு செய்யாமல், "மந்தமாக இருக்கிறது" என்ற உணர்வை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. டைனோமீட்டரிலோ, போக்குவரத்து இல்லாத மூடிய பாதையிலோ, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், மூன்றாம் கியரில் சுமார் 2000 ஆர்பிஎம்மிலிருந்து சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்புவரை ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்து ஒரு பதிவு எடுங்கள். ஆர்பிஎம், பெடல் நிலை, த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) நிலை, இசியூ கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (டர்போவைச் சுழற்றாமல் புகையைத் திருப்பிவிடும் கதவை மூடி வைக்க இசியூ கொடுக்கும் கட்டளையின் சதவீதம்), லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1-க்குக் கீழே பெட்ரோல் மிகுதி, மேலே குறைவு), இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), நாக் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) காரணமாகக் குறைக்கப்பட்ட டைமிங், உள்வரும் காற்றின் வெப்பநிலை, எரிபொருள் அழுத்தம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வண்டி நலமாக இருந்த காலத்தில் எடுத்த பழைய பதிவு ஒன்று கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம்.

பூஸ்ட் எண்ணைப் படிக்கும்போது புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) சென்சார் காட்டுவது மொத்த அழுத்தம். அதில் வளிமண்டல அழுத்தமும் அடக்கம். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல் என்பதால், சென்சார் 200 காட்டும்போது உண்மையான பூஸ்ட் 100 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ மட்டுமே. 2000 மீட்டர் உயரமுள்ள மலையில் வளிமண்டல அழுத்தமே சுமார் 80-க்கு இறங்கிவிடும். அங்கே வண்டி சற்று மந்தமாவது பழுதின் அடையாளம் ஆகாது.

சென்சார் பொய் சொல்கிறதா என்பதை அறியவும் எளிய வழி இருக்கிறது. சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மேனிஃபோல்ட் சென்சார், பூஸ்ட் சென்சார், வளிமண்டல அழுத்த சென்சார் ஆகியவற்றின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று அசையாத அந்த நிலையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் எட்டுப் பத்து கிலோபாஸ்கல் விலகி நின்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: கேட்ட பூஸ்ட் வந்ததா?

பதிவில் முதலில் த்ராட்டிலைப் பாருங்கள். பெடல் 100 சதவீதம் மிதிபட்டிருக்கும்போது த்ராட்டில் 60 சதவீதத்தில் நின்றால், இசியூ ஏதோ ஒரு காரணத்துக்காக வேண்டுமென்றே சக்தியைக் குறைக்கிறது. அந்தக் காரணத்தை அடுத்த வரிகளில் தேட வேண்டும். த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தால், கேட்ட பூஸ்ட்டையும் வந்த பூஸ்ட்டையும் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடுதான் தேடலை இரண்டாகப் பிரிக்கிறது. வந்தது குறைவென்றால் காற்றின் பாதையிலும் வேஸ்ட்கேட்டிலும் தேட வேண்டும். கேட்டது அப்படியே வந்தும் சக்தி இல்லையென்றால் நெருப்பு, எரிபொருள், புகைப்போக்கி என்ற பக்கம் திரும்ப வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கசிவு சிறியதாக இருந்தால் இசியூ வேஸ்ட்கேட்டை மேலும் மூடி, டர்போவை மேலும் வேகமாகச் சுழற்றி, கேட்ட பூஸ்ட்டை எப்படியாவது வரவழைத்துவிடும். பூஸ்ட் கோடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்பு 55 சதவீத டியூட்டியில் வந்த அதே பூஸ்ட் இப்போது 80 சதவீதத்தில் வந்துகொண்டிருக்கும். வீணாகும் காற்றையும் சேர்த்து அழுத்துவதால் உள்வரும் காற்று சூடேறும், புகைப்பக்க அழுத்தம் உயரும், சக்தி குறையும். எனவே பூஸ்ட் சரியாக இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படிக்குத் தாண்டாதீர்கள். அது எந்த டியூட்டியில் வந்தது என்பதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: கசிவுச் சோதனை

கசிவு எங்கே இருக்கலாம் என்பதற்கு லாம்ப்டாவும் துப்புக் கொடுக்கும். காற்றளவை சென்சார் உள்ள காரில், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கசிந்தால், அளந்து கணக்கில் எடுத்த காற்று வெளியேறிவிடுவதால் கலவையில் பெட்ரோல் மிகும். முழு வேகத்தில் கரும்புகை வரும். அந்த சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையே ஓட்டை இருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே இழுக்கப்படுவதால் கலவையில் பெட்ரோல் குறையும். காற்றளவை சென்சார் இல்லாமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்தே பெட்ரோலைக் கணக்கிடும் கார்களில் இந்தத் துப்பு அவ்வளவாகக் கிடைக்காது.

கண்ணால் பார்ப்பதில் தொடங்குங்கள். பிசிவி (இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை உறிஞ்சுபாதைக்குத் திருப்பும் அமைப்பு) வழியாக வரும் எண்ணெய் ஆவி சிறிதளவு காற்றுக் குழாய்களுக்குள் எப்போதும் படிந்திருக்கும். கசியும் இடத்தில் அது காற்றோடு வெளியேறி, வெளிப்பக்கம் தூசியுடன் ஒட்டி, விரல் அகலத்துக்குக் கருத்த ஈரக்கறையாகத் தெரியும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். மேலிருந்து புதிதுபோல் தெரியும் ஹோஸில், கிளாம்ப்பை ஒட்டி அடியில் ஒரு கீறல் இருக்கும். கையால் வளைத்தால்தான் அது வாய் திறக்கும்.

கண்ணுக்கு எதுவும் படவில்லையென்றால் அழுத்தச் சோதனைக்குப் போகலாம். இன்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். டர்போவின் உறிஞ்சுபக்கக் குழாயை ஏர் ஃபில்டர் பக்கமாகக் கழற்றி, காற்று வால்வு பொருத்திய மூடியை அதில் இறுக்கமாகக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். அந்தக் குழாயிலிருந்து கிராங்க்கேஸுக்குப் போகும் பிசிவி ஹோஸை அடைத்துவிட வேண்டும். இதை மறந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். பிறகு ரெகுலேட்டர் வழியாக மெதுவாக, முதலில் 5 பிஎஸ்ஐ, அடுத்து 10, பின் 15 என்று காற்றை ஏற்றுங்கள். வண்டி வழக்கமாகத் தொடும் பூஸ்ட்டைத் தாண்ட வேண்டாம், மூடிக்கு நேர் எதிரே நிற்கவும் வேண்டாம். கழன்றால் கல் பறப்பதுபோல் பறக்கும். சோப்பு நீரை இணைப்புகளின்மீது தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். டைவர்ட்டர் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்ட்டைத் திருப்பிவிடுவது), இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனைகள், த்ராட்டில் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் வால்வுகள் திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் புகைக்குழாயில் மெல்லிய சீறல் கேட்கலாம். அது கசிவுக் கணக்கில் சேராது.

இந்தச் சோதனையிலும் சிக்காத பழுது ஒன்று உண்டு. உறிஞ்சுபக்கத்தில் மென்மையான சிலிக்கான் குழாய் போட்டிருந்தால், உயர்ந்த ஆர்பிஎம்மில் அது உள்நோக்கி நசுங்கிக் காற்றை மறிக்கும். நிற்கும் வண்டியில் அது முழுமையாக உருண்டையாகவே இருக்கும்.

ஆறாம் படி: வேஸ்ட்கேட்

பூஸ்ட் ஒரு குறைந்த அளவில் ஏறி, அதற்குமேல் அசையாமல் நின்றால், அது பெரும்பாலும் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் மட்டும் தாங்கும் அளவு. ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டு இறந்திருக்கலாம், அல்லது அதன் மெல்லிய ஹோஸ் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். மாறாக, டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்கு வரும் ஹோஸ் கழன்றிருந்தால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. பூஸ்ட் எல்லை மீறும், இசியூ பெட்ரோலை நிறுத்தும், யாரோ பிரேக்கை மிதித்ததுபோல் வண்டி குலுங்கி நிற்கும். இதையும் சிலர் சக்திக் குறைவு என்றே சொல்வார்கள். கைப்பம்பு கொண்டு அழுத்தம் கொடுத்து, ஆக்சுவேட்டரின் கம்பி குறிப்பிட்ட அழுத்தத்தில் நகரத் தொடங்கி, பம்பை நிறுத்தியதும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: பூஸ்ட் வந்தும் இழுக்கவில்லையென்றால்

முதலில் டைமிங். நாக் காரணமாக இசியூ சில டிகிரி குறைத்திருந்தால், டியூன் எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதப்பட்டதோ அதுதான் டேங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டிப் பதிவு செய்து, முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே உள்வரும் காற்றின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்றும் ஒப்பிடுங்கள். மிக அதிகமாக ஏறினால் இன்டர்கூலரின் முன்பக்கம் அடைபட்டிருக்கலாம்.

அடுத்தது எரிபொருள் அழுத்தம். மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினில், பூஸ்ட்டைக் கணக்கில் கொள்ளும் ரெகுலேட்டர் இருந்தால், பூஸ்ட் ஏறும் அளவுக்கே எரிபொருள் அழுத்தமும் ஏற வேண்டும். அடிப்படை 3 பார் என்றால் 1 பார் பூஸ்ட்டில் 4 பார் வர வேண்டும். ஏறாமல் 3-இலேயே நின்றால் ரெகுலேட்டரின் ஹோஸைப் பாருங்கள். ஏறத் தொடங்கி, ஆர்பிஎம் கூடக்கூடச் சரிந்தால் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் கேட்ட ரெயில் அழுத்தத்தையும் வந்ததையும் பதிவிலேயே ஒப்பிடலாம்.

லாம்ப்டா முழு பூஸ்ட்டில் பொதுவாக 0.80-க்கும் 0.85-க்கும் இடையே இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கண்மூடி நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். உயர்ந்த ஆர்பிஎம்மில் லாம்ப்டா திடீரென்று உயர்ந்தது. பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்து பம்பை மாற்றினேன். எதுவும் மாறவில்லை. பிறகு ப்ளக்குகளைக் கழற்றி அளந்தபோது இடைவெளி 1 மில்லிமீட்டருக்குமேல் இருந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். அது கிடைக்காதபோது பொறி விழாது, எரியாத ஆக்ஸிஜன் அப்படியே சென்சாரை அடையும், சென்சாரோ பெட்ரோல் குறைவு என்று காட்டும். டியூன் செய்த இன்ஜின்களில் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குக் குறைப்பது இதனால்தான். இடைவெளியைச் சரிசெய்த அன்றே லாம்ப்டா இறங்கியது. பழைய பம்ப் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

எட்டாம் படி: புகைப்பாதையும் இன்ஜினும்

இதுவரை எதுவும் சிக்கவில்லையென்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்குமேல் காட்டினால் அடைப்பு இருக்கக்கூடும். அதன்பின் கம்ப்ரஷன் சோதனை: இன்ஜின் சூடாக, எல்லா ப்ளக்குகளும் கழற்றப்பட்டு, த்ராட்டில் முழுவதும் திறந்து, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குமேல் வேறுபாடு இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டிய நேரம் அது. டர்போவை இறுதியில்தான் பாருங்கள். தண்டு பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. முன்னும் பின்னும் உணரும்படி அசைந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ மட்டுமே அதைக் கழற்றுங்கள்.

எதைச் சரிசெய்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே கியரில், முடிந்தால் அதே வெப்பநிலையில் மீண்டும் ஒரு பதிவு எடுங்கள். 80 சதவீதத்துக்கு ஏறியிருந்த வேஸ்ட்கேட் டியூட்டி பழையபடி 55-ஐ ஒட்டி இறங்கியிருந்தால் கசிவு அடைபட்டது என்று கருவிகளை எடுத்து வைக்கலாம். 70-இல் நின்றால் இன்னொரு ஹோஸ் பாக்கி இருக்கிறது.