கம்ராவை அடிக்கும் கை கொஞ்சம் நிதானிக்கட்டும்

ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது ஒருநாள் காலை லிஃப்டில் பக்கத்தில் நின்றவர், "இன்னைக்கு யாருக்குங்க பிறந்தநாள்? கேக் வாசனை தூக்குதே" என்றார். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. என் சட்டையிலிருந்துதான் வாசனை வந்தது. புதிதாக வாங்கிய கம்ராவை, வாசனை போதவில்லையே என்று ஏழெட்டு முறை அழுத்திவிட்டு வந்திருந்தேன்.

கம்ரா என்பது துபாயின் லத்தாஃபா நிறுவனம் 2022இல் கொண்டுவந்த சென்ட். மேலே பட்டையும் ஜாதிக்காயும், நடுவில் பேரீச்சம்பழமும் பிராலின் என்ற கொட்டைப்பருப்பு மிட்டாயும், அடியில் வெனிலா, டோங்கா என்ற வாசனை விதை, பெஞ்சாயின், வெள்ளைப்போளம். பெஞ்சாயின் என்றதும் மிரள வேண்டாம், நம் வீடுகளில் சாம்பிராணி என்று புகை போடும் பிசின்தான். இந்த மாதிரி தின்பண்ட வாசனைகளை கூர்மான் வகை என்பார்கள். இதில் தவறு செய்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப்போல அளவில்தான் சறுக்குகிறார்கள்.

காரணம் மூக்கு. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். நாமோ சென்ட் பறந்துவிட்டது என்று மறுபடி அடிப்போம். ஆனால் வெனிலா வாசனைக்கு ஆதாரமான வெனிலின் மெதுவாகத்தான் ஆவியாகும். காலையில் அடித்தது சாயங்காலமும் துணியில் இருக்கும், எதிரே இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே இரண்டு அழுத்து போதும். கழுத்தில் ஒன்று, சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று. சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

வெயிலும் கணக்கில் வர வேண்டும். வளைகுடாவில் கோடையில் 45 டிகிரி சாதாரணம். அங்கே பலர் ஏசி காரிலிருந்து ஏசி மாலுக்குப் போவதால் தப்பிக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று வேர்க்கிறவருக்கு இந்த இனிப்பு பாகு மாதிரி அப்பிக்கொள்ளும். இது டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கான வாசனை என்பது என் கட்சி. பகலில் அடித்தே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை.

அடுத்தது, கடையில் காகிதத் துண்டில் முகர்ந்துவிட்டு அங்கேயே முடிவு கட்டுவது. முதல் சில நிமிடங்களில் தெரிவது ஆல்கஹாலின் சுளீர் நெடியும் பட்டையின் காரமும்தான். பேரீச்சையும் வெனிலாவும் எழுந்து வர அரை மணி நேரமாவது ஆகும். கையில் அடித்துக்கொண்டு, துபாயின் பழைய பகுதியான டேராவில் இருக்கும் வாசனைத் திரவியச் சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து விலை பேசுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பது கதை. தேய்ப்பதன் சூட்டில் மேல்வாசனை சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

சவரம் செய்த கையோடு கழுத்தில் அடிக்காதீர்கள். பட்டை மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள், சென்ட் தயாரிப்பில் அதற்கு அளவுக் கட்டுப்பாடே இருக்கிறது. தோல் சிவந்தாலோ அரித்தாலோ துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளைத் துணியில் வேண்டாம், வெனிலா மிகுந்த சென்ட் மஞ்சள் கறை விடும். கந்தூரா என்ற நீண்ட வெள்ளை அங்கி உடுத்தும் அமீரகத்து அரபிகளுக்கு இந்தத் தொல்லைக்கு ஓர் அழகான பழைய வழி உண்டு. கழுத்திலிருந்து தொங்கும் குஞ்சத்துக்கு வாசனை ஏற்றுவார்கள். மார்புக்கு நேரே தொங்கும், மணம் முகத்தருகே வரும்.

அரபு வீடுகளில் ஒரே சென்டோடு நிற்க மாட்டார்கள். முதலில் மப்கரா என்ற தூபக்காலில் கரி மூட்டி, பக்கூர் என்ற வாசனைக் கட்டைத் துண்டுகளின் புகையை உடையில் ஏற்றுவார்கள், பிறகு எண்ணெய் அத்தர், கடைசியில்தான் ஸ்ப்ரே. இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். கனிந்த கரி பக்கத்தில் இருக்கும்போதே ஸ்ப்ரே அடிப்பது ஒன்று. உள்ளே பெரும்பங்கு எத்தனால், தீப்பிடிக்கும். மப்கராவை அகற்றிவிட்டு வேறு அறைக்குப் போய் அடியுங்கள். மற்றொன்று இனிப்பின் மேல் இனிப்பு: வெனிலா லோஷன், அதன் மேல் வெனிலா சென்ட் என்றால் திகட்டிவிடும். கம்ராவுக்கு அடியில் போட வறண்ட மணம் வேண்டும். ஊது, அதாவது நம் அகில், அல்லது சந்தனம் நன்றாகப் பொருந்தும்.

எத்தனால் என்றதும் நினைவுக்கு வருகிறது. அரபு நாட்டுச் சென்ட் என்றாலே ஆல்கஹால் இல்லாத அத்தர் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்கஹாலைத் தவிர்க்க நினைப்பவர்கள் எண்ணெய் அத்தரைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதேபோல, அரபு என்றால் ஊது இருந்தே தீரும் என்பதும் சரியில்லை. அம்பர் என்ற சொல்லும் குழப்பும். பெரும்பாலான பாட்டில்களில் அது லாப்டனம் என்ற செடிப் பிசின், பெஞ்சாயின், வெனிலா சேர்ந்த ஒரு கலவைக்குப் பெயர், திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அம்பர்கிரிஸ் வேறு. வெனிலாவும் அரபு மண்ணின் சரக்கல்ல, மெக்சிகோவின் கொடி. தின்பண்ட வாசனை என்ற பாணியைப் பரவலாக்கியதும் 1992இல் பிரான்சில் வந்த ஏஞ்சல் என்ற சென்ட்தான். மசாலா, பேரீச்சை, பிசின் ஆகியவற்றோடு அதைக் கோத்ததில்தான் அரபுக் கைமணம் தெரிகிறது.

சரி, பாட்டில் நாளாக ஆகப் பழுப்பேறுகிறதே, கெட்டுவிட்டதா? இல்லை. வெனிலின் இருந்தால் நிறம் கறுக்கத்தான் செய்யும், அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். முகர்ந்து பார்த்து, புளித்த நெடியோ உலோக நெடியோ அடித்தால் மட்டும் யோசியுங்கள். புது பாட்டிலை மாதக்கணக்கில் இருட்டில் ஊறவைத்தால்தான் மணம் திறக்கும் என்று யூடியூபில் சத்தியம் செய்கிறார்கள். கொஞ்சம் மாற்றம் வரலாம். அதற்காக மூடியைக் கழற்றுவதும் குலுக்குவதும் வீண் வேலை, வாங்கிய நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். வெயில்படும் ஜன்னல், ஈரமான குளியலறை, வெயிலில் நிறுத்திய கார் மட்டும் கூடாது. வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள்.